பவுண்டுக்கு ஐம்பது

"துளையைப் பெருசாக்கணும்ண்ணே. திங்கட்கிழமைக்குள்ள முடியுமா?"

யோஸ்ட் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். சக்கிமுக்கித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்ற வெல்டனை ஏற இறங்கப் பார்த்தார்.

திங்கட்கிழமைதான் ஷெரிப் வருகிறார். பள்ளத்தாக்கில் உள்ள அத்தனை வேட்டைத் துப்பாக்கிகளும் அன்று தேவாலய முற்றத்துக்கு வந்தாக வேண்டும். காட்டில் பிணமாகக் கிடந்த ஹென்னரின் சதையிலிருந்து எடுத்த ஈயக் குண்டு யாருடைய குழலில் பொருந்துகிறது என்று பார்க்கப்போகிறார்கள். பார்த்துச் சொல்லப்போகிறவர் யோஸ்ட். பென்சில்வேனியாவின் அந்த மலையடிவாரத்தில் எல்லாத் துப்பாக்கியும் அவர் கையால் துளை போட்டதுதான்.

"இப்ப என்னய்யா அவசரம்?"

"புரியெல்லாம் தேஞ்சுபோச்சுண்ணே. பக்கத்துல நிக்கிற மான் மேலகூடப் பட மாட்டேங்குது."

யோஸ்ட் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். குண்டைச் சுழற்றி நேராக அனுப்ப உள்சுவரில் வெட்டியிருந்த புரி நன்றாகவே இருந்தது.

"இது பவுண்டுக்கு அறுபது. நீ கேட்டு வாங்கினது. துளை பெருசானா ஈயமும் வெடிமருந்தும் கட்டுப்படியாகாதுன்னு என் உயிரை எடுத்தே."

ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதுதான் அங்கே துளைக்குக் கணக்கு. எண் கூடக் கூடக் குண்டு சிறுத்துக்கொண்டே போகும்.

"இப்ப ஐம்பது வேணும். குண்டு வார்க்கற அச்சும் அதே அளவுக்கு."

"ஏன், கரடி வேட்டைக்குக் கிளம்பறியா? உன் இருமலைக் கேட்டா அணில்கூட நிக்காது."

வெல்டன் சிரிக்கவில்லை.

யோஸ்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேலித் தகராறுக்கு அப்புறம் நீயும் ஹென்னரும் முகம் பாத்துக்கிட்டதில்ல. அவன் உடம்புல இருந்தது உன் அறுபதளவுக் குண்டு. திங்கட்கிழமை அத உன் குழல்ல போட்டா லொடலொடன்னு ஆடணும். அதானே உன் கணக்கு?"

வெல்டன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"மானுன்னு நெனச்சுச் சுட்டிருந்தா அது தப்பில்ல. புதர் அசைஞ்சா யாரும் சுடுவான். ஆனா, சுட்டவன் கிட்ட வந்து பாத்திருக்கான்யா. பனியில தடம் கெடக்கு. பாத்துட்டு ஓடியிருக்கான். விடிய விடிய ரத்தம் போய்ச் செத்திருக்கான் அந்த மனுஷன். ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து நின்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன். எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் தூக்குலதான் போடணும்."

"கேட்டேன். பின் வரிசையிலதான் உக்காந்திருந்தேன்."

"கேட்டுட்டுமா என்கிட்ட வந்தே? ஷெரிப்புக்கு நானே ஆள் அனுப்பறேன்."

யோஸ்ட் தொப்பியை எடுத்தார். வெல்டன் வழியை மறிக்கவில்லை.

"குண்டு அறுபது இல்லண்ணே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வைத்தியர் தோண்டி எடுக்கறப்ப கூட நின்னது நான்தான். எடுத்ததும் என் உள்ளங்கையிலதான் போட்டாரு. ஐம்பது."

யோஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? அறுபத ஐம்பதாக்கி எடுத்துட்டுப் போனா, நீயா போய்க் கயித்துல கழுத்த..."

பேச்சு பாதியில் நின்றது.

ஈயத்துக்கு அலைகிற அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் ஐம்பது கேட்டதில்லை. ஐம்பதில் அவர் செய்தது ஒன்றே ஒன்று. போன வருஷம் மகன் டீவால்டின் கல்யாணத்துக்கு. சின்னத் துளையெல்லாம் கஞ்சப் பயல்களுக்கு என்று ஊர் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்ட துப்பாக்கி அது.

டீவால்ட் காய்ச்சல் என்று படுத்திருந்தான். ஹென்னரைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் பெண்டாட்டியிடம்கூடப் பேசவில்லை.

யோஸ்ட் முக்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் யாரையும் பாக்கலண்ணே," என்றார் வெல்டன். "குண்ட மட்டும்தான் பாத்தேன். நான்தான் சுட்டேன்னு வெறும் வாயால சொன்னா ஷெரிப் நம்ப மாட்டாரு. துப்பாக்கியும் அதையே சொல்லணும்."

"வெல்டன்..."

"எனக்குப் பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. வசந்தத்தைத் தாண்ட மாட்டேன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. உங்க மருமக மாசமா இருக்கா. பொறக்கப்போறதுக்கு அப்பன் வேணும்ல?"

உலையில் கரி சரிந்தது. வெல்டன் யோஸ்டின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், அதிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருப்பவர்போல.

யோஸ்ட் எழுந்தார். தொப்பியை ஆணியில் மாட்டினார். துப்பாக்கியை வாங்கிக் கட்டையைக் கழற்றி, குழலைப் பட்டறைப் பலகையில் இறுக்கினார். புரி வெட்டும் கம்பியைத் தேடி எடுத்து அதற்கு எண்ணெய் தடவினார்.

"புதுசா வெட்டினது பளபளன்னு காட்டிக் கொடுத்துடும்," என்றார், நிமிராமலே. "எடுத்துட்டுப் போனதும் சுட்டுச் சுட்டு நல்லாக் கறுப்பேத்திடு. அறுவடைக்கு முன்னாடியே பெருசாக்கினதுன்னு நான் பைபிள்மேல கை வெச்சுச் சொல்லிடறேன்."