முப்பது விநாடி

நெட்வொர்க் இன்ஜினியர் கவுசர் மானிட்டரின் கேபிளைச் சுவரில் செருகிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

வெளியே நர்ஸ் மேசையில் இருந்த பெரிய திரையில் மற்ற ஆறு படுக்கைகளுக்கும் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்த அறைக்கான ஏழாவது கட்டம் மட்டும் கருப்பு.

பிடுங்கி மறுபடியும் செருகினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

முப்பது விநாடி கழித்துத்தான் கோடு வந்தது. சோதனைக்காக மானிட்டரின் கிளிப்பைத் தன் விரலிலேயே மாட்டியிருந்தாள். நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது.

“எப்பவுமே அப்படித்தான் மேடம். சொருவுனா கொஞ்ச நேரம் கருப்பா இருக்கும், அப்பால தானா வந்துடும்” என்றாள் மணியம்மை. இந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த நர்ஸ்.

கவுசர் கிளிப்பைக் கழற்றினாள்.

ஆடிக் கிருத்திகை அன்று நடந்ததை மணியம்மைதான் சொன்னாள். மலைக்கோயிலுக்கு வந்த கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களால் வார்டு நிரம்பியிருந்தது. ஆர்.கே.பேட்டை விவசாயி சிவப்பிரகாசத்தை இந்தக் கண்ணாடி அறைக்கு மாற்றினார்கள். பிரேமா என்ற நர்ஸ் மானிட்டரைச் செருகிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். சில விநாடிகளில் அவருடைய இதயம் நின்றுபோனது.

உள்ளே மானிட்டர் அலறியது. மூடிய கதவைத் தாண்டிச் சத்தம் வரவில்லை. திரையில் கோடு தெரிந்ததும் பிரேமா எழுந்து ஓடினாள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

கேமராப் பதிவில், அரை நிமிடம் பிரேமா அசையாமல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவள் எதிரில் இருந்த திரை கேமராவில் விழவில்லை.

“ஸ்கிரீன் கருப்பா இருந்துச்சுன்னு பிரேமா சொல்லிகினே இருந்துச்சு. யார் நம்புனாங்க? செல்லு பாத்துகினு இருந்திருப்பான்னு வெளிய அனுப்பிட்டாங்க. இப்ப கனகம்மாசத்திரத்துல ஒரு துணிக்கடைல நிக்குது.”

கவுசர் லேப்டாப்பைத் திறந்து, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் அமைப்புகளுக்குள் நுழைந்தாள்.

ஒயர்கள் தெரியாத்தனமாக வட்டமாக இணைந்துவிட்டால் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுவதும் திணறி நின்றுவிடும். அதைத் தடுக்க, புதிதாக எதைச் செருகினாலும் ஸ்விட்ச் அந்த வழியை முப்பது விநாடி மூடி வைத்துச் சோதிக்கும். ஸ்பானிங் ட்ரீ என்பது அதுதான். மானிட்டர் மட்டும் மாட்டுகிற போர்ட்டுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இங்கே ஒரு போர்ட்டிலும் அந்த வரி இல்லை.

ஏழு போர்ட்டுகளுக்கும் எழுதிச் சேமித்தாள். இரண்டு முறை தவறாகத் தட்டி அழித்தாள்.

மணியம்மை கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். கட்டம் உடனே உயிர்பெற்றது.

“இவ்ளோதானா?” மணியம்மை அங்கேயே நின்றுவிட்டாள். “நெட்வொர்க்குல ஒரு பழுதும் இல்லன்னு சென்னைலர்ந்து உங்க கம்பெனி ஆளு ஒருத்தன் லெட்டர் குடுத்தான் மேடம். அதைக் காட்டித்தான் பிரேமாவ அனுப்புனாங்க. அவன் ஒரு தடவ இங்க வந்து பாத்திருந்தான்னா…”

“அவன் இல்ல சிஸ்டர்” என்றாள் கவுசர். “எழுதுனது நான்தான்.”

ஸ்விட்சின் அன்றைய பதிவைச் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி பார்த்திருந்தாள். ஏழாவது போர்ட்டின் இணைப்பு அறுந்தது, மறுபடி வந்தது. குற்றம் சொல்ல அதில் ஒன்றுமில்லை. கடிதம் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதை வைத்து எதை முடிவுசெய்யப் போகிறார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மணியம்மை அவள் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று கவுசர் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

“பிரேமா நம்பர் இருக்குதுங்களா?”

மணியம்மை தன் போனை எடுத்து அழைத்து, அப்படியே நீட்டினாள்.

மறுமுனையில் யாரோ புடவைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். “சொல்லுக்கா” என்றது ஒரு குரல்.

தன் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்திருந்தாள் கவுசர்.

“ஸ்கிரீன் கருப்பாதான் இருந்துச்சும்மா” என்றாள்.