பெயரில்லாப் பின்னூட்டம்

ஊன்றிய திருவடியால் மறைத்தும், தூக்கிய திருவடியால் அருளியும், தில்லைச் சிற்றம்பலத்தே ஓயாது ஆடும் கூத்தப் பெருமான் முன்னின்று காக்க.

“கொத்சுக்குக் கூடவாடா கைதட்டுவாங்க?”

கணிப்பொறித் திரையைப் பார்த்துத் தனக்குள் பொருமினான் கார்த்திகேசன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணவாளன் நடத்திவந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கும் செம்பியனுக்கும் அடுத்தடுத்த இருக்கை. இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

செம்பியன் ஒரு வலைப்பூ எழுதிவந்தான். கணிப்பொறி மக்கர் செய்தால் சரிசெய்யும் வழிகளைத் தமிழில் சொல்வான். நடுநடுவே தன் ஊரான சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு, பிச்சாவரத்துக் கொக்கு என்று மனம் போனபடியும் எழுதுவான். எதை எழுதினாலும் பின்னூட்டங்கள் வந்து குவியும்.

கார்த்திகேசனும் ஒரு வலைப்பூ வைத்திருந்தான். அதில் இருந்த பின்னூட்டங்களில் பாதி செம்பியன் எழுதிய பாராட்டு. மீதி, அதற்கு இவன் எழுதிய நன்றி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். புதிதாக வந்த சென்னை வேலைக்குக் குழுத் தலைவராக இருவரில் ஒருவரை மணவாளன் தேர்ந்தெடுக்கவிருந்தார். அவரோ, காலையில் காப்பியோடு செம்பியனின் வலைப்பூவையும் சேர்த்தே அருந்துகிறவர்.

அன்றைய பதிவு, வைரஸ் புகுந்த பென்டிரைவைப் பற்றியது. படித்துக்கொண்டே வந்த கார்த்திகேசனின் கண்கள் ஓரிடத்தில் நின்றன. ஒரு பிழை! நெடுநாள் பசித்தவனுக்கு இலை போட்டதுபோல் இருந்தது. செம்பியன் தேநீர் குடிக்கப் போயிருந்தான். கார்த்திகேசன் விறுவிறுவென்று தட்டினான்.

‘பென்டிரைவை ஃபார்மட் செய்யச் சொல்லும் மேதாவியே, அதற்குமுன் உள்ளே இருப்பவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டாமா? அலுவலக நேரத்தில் ஒளிந்து ஒளிந்து எழுதினால் இப்படித்தான் அரைகுறையாக இருக்கும்.’

பெயர் சொல்லாமல் எழுதும் வசதி இருக்கும்போது அச்சம் எதற்கு? அனுப்பிவிட்டான். ‘வலைப்பூ உரிமையாளர் பார்த்து அனுமதித்த பின் வெளியாகும்’ என்றது திரை.

‘எங்க போடப் போறான்? அழிச்சிடுவான்’ என்றுதான் நினைத்தான்.

மறுநாள் காலை அது அப்படியே வெளியாகியிருந்தது. எழுதியவர்: பெயரில்லாதவர். கீழே செம்பியனின் பதில்: ‘பிழை என்னுடையதே. திருத்திவிட்டேன். சுட்டிய நண்பருக்கு நன்றி.’

மணவாளன் இருவரையும் அறைக்கு அழைத்தார்.

“எவன்யா இத எழுதுனது? ஆபீஸ் நேரம்னு சொல்றான்னா நம்ம ஆளாத்தான் இருக்கணும். எவன்னு தெரிஞ்சா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிடுவேன். செம்பியா, ஒனக்குத் தெரியுமா?”

“பேரு போடலயே சார்.”

கார்த்திகேசனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு சற்றுக் கூடுதலாகவே வந்துவிட்டது.

“தைரியம் இருந்தா பேரப் போட்டு எழுதணும் சார். இதெல்லாம் ஒரு பொழப்பா?”

செம்பியன் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “பேரு போட்டு எழுதறவங்களும் இருக்காங்க மச்சான்.”

“அது கெடக்கட்டும்” என்றார் மணவாளன். “ஆபீஸ் நேரத்துல எழுதுனியா, இல்லயா?”

“அந்தப் பதிவு மட்டும் இங்க ஒக்காந்து எழுதுனேன் சார். தப்புதான்.”

மணவாளன் மேசைமேல் இருந்த சென்னை வேலைக் கோப்பை எடுத்தார். பிறகு, “அப்போ லீடர் பொறுப்ப கார்த்தி பாத்துக்கட்டும்” என்றார்.

மாலையில் செம்பியன் ஊருக்குக் கிளம்பிப் போனான். வென்றவனுக்குப் பெருந்தன்மை எளிது. நண்பனின் வலைப்பூவில் தன் பெயரிலேயே நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று பின்னூட்டப் பெட்டியைத் திறந்தான் கார்த்திகேசன்.

பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ‘கார்த்திகேசன்’ என்று அது அங்கே முன்னதாகவே நின்றது. பெயரை மறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் எழுதுபவரேதான் ‘பெயரில்லாதவர்’ என்று மாற்ற வேண்டும்.

அன்றைக்கு அவன் மாற்றியிருக்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பறந்தான். சிதம்பரம் பேருந்தில், ஜன்னலோரம் செம்பியன்.

“மச்சான், அந்தப் பின்னூட்டம்... ஒனக்கு யாரு பேருல வந்துச்சு?”

“ஒன் பேருலதான்.”

“அப்பறம் எப்புடி...?”

“வந்தத வெளியிடாம, அதையே நான் பேரில்லாம அடிச்சுப் போட்டேன்.”

“அழிச்சுத் தொலைக்க வேண்டியதுதானடா!”

“எப்புடிடா அழிக்கறது? அண்ணாகிராமத்துலேருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க. நீ சொன்னதப் படிச்சதால பொண்ணு கல்யாணப் போட்டோவெல்லாம் தப்பிச்சுதாம்.”

கார்த்திகேசனின் கை ஜன்னல் கம்பியைப் பற்றியது. “சார் கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா லீடரு நீதானடா. நான் வெளிய போயிருப்பேன்.”

பேருந்து நகரத் தொடங்கியது. கம்பியை விடாமல் அவனும் கூடவே ஓடினான்.

“கைய எடு, விழுந்து வைக்காத!” என்று கத்திய செம்பியன், தலையை வெளியே நீட்டிச் சொன்னான்:

“நீ எழுதுனது எல்லாமே சரிதான் மச்சான். அதான் ஒரு வார்த்தகூட மாத்தல. பேரு மட்டும்தான் தப்பா இருந்துச்சு, எடுத்துட்டேன்!”

இதைக் கேட்டவர் எவராயினும், தம் பிழையை மறைத்துக் காக்கும் நட்பும், நட்பின் பிழையை மறைத்துக் காக்கும் நெஞ்சும் அம்பலவன் அருளால் பெற்று நீடு வாழ்க.