எடுக்கக் கூடாத அழைப்பு

"எடுக்காதீங்கண்ணா!"

சமையலறையிலிருந்து யாமினி போட்ட சத்தத்தில், டெலிபோனை நோக்கி நீண்ட திருமூர்த்தியின் கை பாதியிலேயே நின்றது. மணி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

யாமினி கரண்டியோடு வெளியே வந்தாள். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத முகத்தில் சிரிப்பு பரவியிருந்தது.

"அவர்தாண்ணா. ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணினா, நல்லா இருக்கேன்னு அர்த்தம். எடுத்துட்டா பில் எகிறிடும்."

திருமூர்த்தி கையை மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் அவள் கணவன் முகிலனுக்கும் அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் ஒரே டெலிபோன் கம்பெனி, அடுத்தடுத்த இருக்கை. புது எக்ஸ்சேஞ்ச் அமைக்க முகிலன் ஜகார்த்தா போயிருந்தான். விலைவாசியில் தொடங்கிய ஆத்திரம் ஆட்சியையே கவிழ்க்கும் அளவுக்கு முற்றி, போன வாரம் அந்த நகரம் பற்றி எரிந்தது.

டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். கரிந்துபோன கடைவீதியை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நமக்குக் காலைல எட்டுன்னா அங்க ராத்திரி எட்டு. டாண்ணு அடிக்கும். முகூர்த்தத்துக்கே லேட்டா வந்த மாப்பிள்ளைண்ணா அவரு! எங்கப்பா மண்டபத்துல எல்லார் முன்னாடியும் கத்தினாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்தக் கலவரத்துல திருந்திட்டாரு, பாருங்க."

அவன் சிரிக்கவில்லை.

"காபி ஆறுதுங்கண்ணா."

"கூடப் போன மத்தவங்க எல்லாரும் சிங்கப்பூர் போய்ச் சேந்துட்டாங்க, யாமினி. ஏர்போர்ட்டுக்குக் கம்பெனி அனுப்பின பஸ்ல முகிலன் ஏறலை."

"அதான் உங்க மேனேஜர் அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டாரே! தினமும் கால் வருது, எங்கயோ சேஃபா இருக்காரு, நீங்க மத்தவங்களை முதல்ல பாருங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்க அப்படிச் சொன்னதாலதான் அவனை யாரும் தேடலை."

யாமினி கரண்டியை மேசையில் வைத்தாள்.

"ஏண்ணா ஒரு மாதிரி பேசறீங்க? இப்பத்தானே அடிச்சுது? உங்க காதாலயே கேட்டீங்கல்ல?"

திருமூர்த்தி காபியைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வரும் வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை.

"நேத்து நாங்க இங்கிருந்தே அந்த எக்ஸ்சேஞ்சுக்குள்ள லாகின் பண்ணிப் பாத்தோம்" என்றான் கடைசியில். "லைன் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ண, தானாவே கால் போடற புரோகிராம் ஒண்ணு இருக்கும். அதுல உங்க வீட்டு நம்பரை, தினமும் ராத்திரி எட்டுக்கு ரெண்டு ரிங்னு போட்டு வெச்சிருக்கான். கலவரம் ஆரம்பிச்ச அன்னிக்கே. நீங்க பயந்துக்கக் கூடாதுன்னு செஞ்சிருக்கான்."

"சரி... அதனால என்ன?"

அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவன் இல்லேன்னாலும் அது அடிக்கும், யாமினி."