மூச்சு வாங்கத்தான் செய்யும்

அவன் குடித்து மீதம் வைத்த அரை டம்ளர் தேநீரை அவள் வாங்கிக் குடித்தாள்.

வழக்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து கடையில் அவளுக்கென்று தனியாக ஒரு தேநீர் வாங்கியதில்லை.

தென்காசி பேருந்து நிலையம். காலை பத்தரை மணி. முந்தின நாள்தான் வளைகாப்பு. ஒன்பதாம் மாத வயிறும் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலுமாகத் தாய் வீட்டுக்குப் புறப்பட்டு நின்றாள் அவன் மனைவி உலகம்மாள். அவளுடைய அம்மா வடிவம்மாள் மூட்டைகளோடு பேருந்துக்குள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்குக் காலையிலிருந்தே தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது.

"இருமுதேன்லா, அதப் போய் வாங்கிக் குடிக்கியே," என்றான்.

"ஒங்க எச்சி எனக்கு என்ன புதுசா அத்தான்?"

டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

நான்காம் நாள் அவனுக்குச் சரியாகிவிட்டது. அவளுக்குக் காய்ச்சல்.

மாசமாக இருப்பவள் மாத்திரை போடக் கூடாது என்று வடிவம்மாள் மிளகைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் விட்டது போலிருந்தது. மறுபடி வந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் அவன் போன் செய்தான்.

நன்றாகத்தான் பேசினாள். மீன் குழம்பு கேட்டால் அம்மா தர மாட்டேன் என்கிறாள் என்று குறை சொன்னாள். ஆனால், மீன் குழம்பு என்றதும் நின்றாள். கேட்டால் என்றதும் நின்றாள்.

நின்ற இடத்திலெல்லாம் மூச்சு.

"என்னட்டி, மாடிப்படி ஏறிக்கிட்டா பேசுத?"

"கட்டில்லதான் அத்தான்... உக்காந்திருக்கேன்."

அவன் சிரிப்பு நின்றது. போனை அத்தையிடம் கொடுக்கச் சொன்னான். கார் பிடித்து வருகிறேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றான்.

"நாலு பெத்தவ நான்," என்றாள் வடிவம்மாள். "நாலுக்கும் இப்படித்தான். பிள்ள மேல முட்டும், மூச்சு வாங்கத்தான் செய்யும். வெள்ளிக்கிழம செக்கப்புதான, அன்னைக்குக் கேட்டுக்கிடலாம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க மாப்ள."

நாலு பெற்றவளிடம் எதிர்த்துச் சொல்ல அவனுக்கு என்ன தெரியும்?

சரி அத்தை என்றான்.

சொன்னதும் நிம்மதியாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றக் கையில் இடமில்லை. நர்ஸ் துணியைச் சுற்றி வளையல்களை உடைத்து எடுத்தாள். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்று வடிவம்மாள் சொல்லவில்லை. உடைந்த துண்டுகளை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் அம்மா வெளியே வந்தார்.

"சாதாரண வைரஸ் காய்ச்சல்தாங்க. நமக்கு வந்தா நாலு நாள்ல போயிடும். நெறமாசத்துல அப்படி இல்ல. நுரையீரலுக்கு எறங்கிடுச்சுன்னா தாங்காது. எத்தன நாளா மூச்சு வாங்குது?"

"நேத்துலேருந்து," என்றான் அவன்.

"மூணு நாளா," என்றாள் வடிவம்மாள்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

டாக்டர் மூன்று என்று எழுதிக்கொண்டார். அவன் வடிவம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானை முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பிழைத்துக்கொண்டது.

உலகம்மாள் குழாய்களோடு ஒன்பது நாள் கிடந்தாள். குழந்தையைக் கண் திறந்து பார்க்காமலே போய்விட்டாள்.

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

அவன் இப்போது மாமியார் வீட்டில்தான் இருக்கிறான். குழந்தைக்கு அதுதான் வசதி என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி அவன் வடிவம்மாளிடம் கேட்டதில்லை. தன் தொண்டைக் கரகரப்பைப் பற்றி அவளிடம் சொன்னதும் இல்லை. சோறு போடுகிறாள். சாப்பிடுகிறான். ரேஷன், தடுப்பூசி, குழந்தைக்குப் பல் முளைப்பது என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

மதியம் சாப்பிட வரும்போது குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருக்கும். அவன் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்காருவான். தொடமாட்டான். தொட்டால் மூச்சு மாறிவிடும். சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் பன்னிரண்டைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, சின்ன வயிறு ஏறுவதை எண்ணத் தொடங்குவான். இந்த வயதில் நிமிஷத்துக்கு நாற்பதைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் என்று தடுப்பூசி போடும் நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

இன்று எண்ணி முடித்து நிமிர்ந்தபோது வடிவம்மாள் அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எத்தன வருது?" என்றாள்.



"இருபத்தெட்டு."

"காலைல எனக்கும் அதான் வந்துச்சு," என்று சொல்லிவிட்டு, சோறு எடுத்து வைக்க உள்ளே போனாள்.

நேற்றும் இருபத்தெட்டுதான்.