ராதாபுரத்துச் செம்மணல்

பனங்காட்டில் நடுப்பகல் வெயில் எரிகிறது. உலோகம் தேடும் கருவியின் வட்டத் தட்டைக் காவலர் தேவமணி மணலுக்கு மேல் பிடிக்கிறார். செம்மணலில் இரும்புத்தாது அதிகம் என்பதால் கருவி ஓயாமல் கத்துகிறது. தட்டு மண்ணுக்குள் மின்துடிப்பை அனுப்பி, நிறுத்தி, திரும்பி வருவதைக் கேட்கிறது. மண்ணின் பதில் சட்டென்று அடங்கிவிடும். புதைந்த உலோகத்தின் பதில் சற்று நீளும். அவர் குமிழைத் திருகி, கேட்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறார். கத்தல் நிற்கிறது. தேடுவது, காணாமல்போன கிங்ஸ்டனை வெட்டிய அரிவாளை. கைவிலங்கோடு நிற்கும் ஐயம்பெருமாள் தன் தங்கை சங்கரியைப் பார்க்காமலே சொல்கிறான். "கையில ஒரு வெட்டுதாம்ளா. ஒம் மாப்பிள்ள அப்பமே ஓடிட்டான்." அவளுக்கு அதை நம்ப வேண்டியிருக்கிறது. "அவிய எங்கயோ உயிரோட இருக்காவ சார்," என்கிறாள். ஒரு பனையடியில் கருவி நீளமாக ஒலிக்கிறது. இன்னொரு காவலர் மண்வெட்டியால் மணலைப் பைய விலக்குகிறார். அரிவாள் இல்லை. கல்யாணத்துக்குச் சங்கரி வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம், கிங்ஸ்டனின் மணிக்கட்டோடு தெரிகிறது. காவலர் பின்வாங்குகிறார். அவர் கைவிட்ட மண்வெட்டியை அவள் எடுக்கிறாள். "நம்ம குடும்ப மானத்துக்குத்தாம்ளா," என்று அண்ணன் தொடங்கும்போதே அது அவன் தோளில் இறங்குகிறது. மணலில் விழுந்தும் அவன் வாய் ஓயவில்லை. தேவமணி அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கிறார். அவள் திமிறவில்லை, தாழ்ந்த குரலில் கேட்கிறாள். "விடுங்க சார். இன்னும் பேசுதான்."