விரலுக்கு வியாபாரம் கிடையாது

"விரலுக்கெல்லாம் இங்க வியாபாரம் கிடையாது. வாயத் தொறந்து கேளு."

காய்கறிக் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேரட்டைக் காட்டிய அந்தப் பெண், நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். தலையில் ஸ்கார்ஃப், கையில் காலிப் பை. ஊருக்குப் புதுசு என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"கேரட்," என்றாள்.

"கேரட்டுக்கு என்ன? ஜுரமா? கல்யாணமா?"

வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். மூன்றாவதாக நின்ற டாரின்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாரின்கா லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷம் ஸ்லோவேனியாவின் கிரான் நகராட்சி ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் "அடுத்த ஜன்னல்" என்று அனுப்பியே ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து நியாயம் கேட்பதுதான் முழுநேரத் தொழில்.

"கேரட்... ஒரு கிலோ..."

"அப்புறம்? 'தயவுசெஞ்சு' எங்க போச்சு? வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?"

"போல்டே!" டாரின்கா கடைக்காரரைப் பார்த்து வெடித்தார். "முன்னப்பின்ன தெரியாத பொம்பளைய நீ, வா, போன்னு பேசறியே, உனக்கே நல்லாருக்கா?"

"மேடம், உங்க முறை வரும். அவசரப்படாதீங்க."

அந்தப் பெண், "தயவுசெஞ்சு" என்றாள். கேரட் கிடைத்தது. முட்டை கிடைக்கவில்லை. "பத்து முட்டை" வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டாள். "பெருசா, சின்னதா? நாட்டுக்கோழியா, பண்ணைக்கோழியா?" என்று அவர் அடுக்கியதும் வாய் பூட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எம்பேர்ல குடுய்யா பத்து முட்டை! நான் வாங்கித் தரேன் அவளுக்கு!"

"அவ கேக்கட்டும் மேடம். நீங்க கேக்காதீங்க."

"அடப்பாவி! இவ நம்ம மொழி தெரியாம வந்தது ஒரு குத்தமா? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் நம்ம நாட்டோட மானமே போகுது!"

சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். அவள் திரும்பித் திரும்பிக் கடையைப் பார்த்தாள்.

"மேடம், நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாத கண்ணு. கஷ்டப்படாத."

எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட். ஆள் இல்லாத கல்லா, நாமே பொருளைக் காட்டிப் பணம் கட்டும் மெஷின்.

"பாத்தியா? இங்க வாயே தொறக்க வேணாம். எடு, மெஷின்ல காட்டு, போயிட்டே இரு. ஆயுசு பூரா ஒரு வார்த்தை பேசாம வாழலாம்."

"மேடம், நாளைக்கு..."

"ஷ்! நான் இருக்கேன் இல்ல?"

மெஷின் பீப் என்றது. முட்டை அட்டையை வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு டாரின்கா அவளோடு மறுபடி கடைக்கே வந்தார். விடுவாரா? புளிப்பு முட்டைக்கோஸ் தொட்டிக்குப் பக்கத்தில் அட்டையை டொக்கென்று வைத்தார்.

"பாரு போல்டே! ஒரு வார்த்தை பேசாம வாங்கிட்டா!"

கடைக்காரர் முட்டையைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அதான் மேடம் எனக்குப் பயமே. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இவளுக்கு மொழிப் பரீட்சை. பரீட்சை எடுக்கறவங்க கடைக்காரர் மாதிரி உக்காந்து கேள்வி கேப்பாங்க. வீட்டுல அருவியா கொட்டுவா. நாலு பேரு முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குது. போன தடவை அதுலதான் போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா இங்க இருக்க அனுமதி கிடைக்காது. இவ கொசோவோவுல, நான் இங்க."

"நீ இங்கயா? நீ எதுக்குய்யா நடுவுல?"

"என் பொண்டாட்டி மேடம் இவ."

டாரின்கா வரிசையைப் பார்த்தார். யாருக்கும் ஆச்சரியமே இல்லை. எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருக்கிறது. ஒரு வாரமாக அந்த வரிசையே பொறுமையாக நின்று அவளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"ஆனா... நீ நம்ம கிரான் ஆளு இல்லியா, போல்டே?"

"நானும் கொசோவோதான். சின்ன வயசுல வந்தேன். போல்டேங்கறது பழைய முதலாளி பேரு. கடை போர்டுல அத மாத்தறதுக்கு நேரம் வரல. நீங்க ஆறு வருஷமா அப்படியே கூப்பிடறீங்க, நானும் திரும்பிப் பாத்துப் பழகிட்டேன்."

டாரின்காவின் முகம் கழுத்துவரை சிவந்தது.

அப்போது அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள். நாலு பேர் இல்லை, ஏழு பேர் நின்றார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சொல் தடுக்காமல், ஸ்லோவேனிய மொழியில் பேசினாள்.

"வணக்கம், மேடம். முட்டைக்கு ரொம்ப நன்றி. என் பேர் எடோனா. இவர் பேர் பூயார். உங்க பேர் என்ன?"

அவள் புத்தகத்தில் முதல் பாடமே அதுதான்.

டாரின்கா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பூயார் கையைக் கட்டிக்கொண்டார்.

"விரலுக்கெல்லாம் இங்க வியாபாரம் கிடையாது மேடம். 'என் பேர்'னு ஆரம்பிச்சு, முழுசா சொல்லுங்க."