அறுத்துப் பார்த்து வாங்குகிறவர்

“முதல்ல அறுத்துக் காட்டுங்க. எந்த மெஷின்னு அப்புறம் பேசுவோம்” என்றபடி, வேனிலிருந்து கட்டைகளைக் கடையின் பின்முற்றத்தில் உருட்டிவிட்டார் அந்தக் கடைசல்காரர். மரக்கிண்ணமும் தட்டும் கடைந்து விற்கிற பட்டறை வைத்திருக்கிறாராம். ஒன்றல்ல, மூன்று கட்டைகள்!

கடையில் மெஷின்களை ஓட்டிக் காட்டி விற்பது மாப்பிள்ளையின் வேலை. காலையில்தான் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். “இந்த மாசம் ஒரு மரம் அறுக்கிற மெஷின்கூடப் போகல. இன்னிக்குக் கடை சாத்துறதுக்குள்ள ஒண்ணாவது விக்கலேன்னா, நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம் மாப்பிள்ளை.”

முதலாளி வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பத்து வருஷம் கட்டை அறுத்த மர மில் மூடியபோது, “வெளியில எதுக்கு அலையணும்? நம்ம கடை இருக்கே” என்று கூட்டிவந்தவர். குடியிருப்பதும் அவர் கடைக்கு மேல் மாடியில்தான்.

சம்பளம் கூட்டிக் கேட்டால், “சொந்தத்துக்குள்ள என்ன பேரம்?” என்பார். பத்து நிமிஷம் தாமதமானால், “சும்மாவா வர்றீங்க? சம்பளம் வாங்குறீங்கல்ல?” என்பார். வீட்டில் கோபித்துக்கொண்டு கீழே இறங்கினால் கடை. கடையில் கோபித்துக்கொண்டு மேலே ஏறினால் மச்சான் வீடு. மனுஷன் எங்கேதான் போவான்? ஆப்பசைத்த குரங்கின் பாடுதான்.

“பெட்ரோல் மெஷினை எடுங்க! சாருக்கு அதான் சரி!” ஜன்னல் வழியாக முதலாளி குரல் கொடுத்தார். இருப்பதிலேயே பெரியது அது.

மாப்பிள்ளை கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். கட்டை உருளாதபடி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். பிறகு அதன் வெட்டுமுகத்தில், நட்டநடு மையத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக சாக்பீஸால் கோடு இழுத்தார்.

“எதுக்குங்க ரெண்டு கோடு? நடுவுல ஒரே போடா ரெண்டாப் பொளந்துட வேண்டியதுதானே?”

“மையம் உள்ள இருந்துச்சுன்னா காயக் காயக் கிண்ணம் வெடிச்சிடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிற துண்டைத் தனியா எடுத்துடணும்.”

காலமெல்லாம் கிண்ணம் கடைகிறவருக்கு இதுகூடவா தெரியாது? மாப்பிள்ளைக்கு எரிச்சலாக வந்தது. வாயைத் திறக்க முடியுமா? சிரித்துவைத்தார்.

மெஷின் உறுமியது. பாதி அறுத்ததும் நிறுத்தி, பிளவில் ஒரு சின்ன ஆப்பைச் செருகிவிட்டுத்தான் மீதியை அறுத்தார். இல்லாவிட்டால் கட்டை இறுகி, பிளேடைக் கவ்விக்கொள்ளும். கடைசல்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க சார்.”

“பரவாயில்ல, நீங்களே பிடிங்க. அடுத்ததுக்குக் கரண்ட் மெஷின்.”

இரண்டாவது கட்டை கரண்ட் மெஷினில் ஆயிற்று. மூன்றாவது பேட்டரி மெஷினில். மூலைகளையும் தட்டி, ஏறக்குறைய வட்டமாக, கடைசல் மெஷினில் அப்படியே மாட்டலாம் என்கிற மாதிரி ஆறு துண்டுகள். மாப்பிள்ளையின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. விலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே அந்த மனிதர்! பையிலிருந்து மெழுகு டப்பாவை எடுத்து, காய்ந்து வெடிக்காமலிருக்க ஒவ்வொரு துண்டின் முனையிலும் பூசி, வேனில் பத்திரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி வந்து மாப்பிள்ளையின் காதைக் கடித்தார். “அட, ஓசியில கட்டையெல்லாம் அறுத்துக்கிட்டுக் கிளம்பப் பாக்குறான்யா! கெட்டிக்காரன்னு நெனச்சேன், இப்படி ஏமாந்து நிக்கிறீங்களே! பெரிய மெஷினை அவன் தலையில கட்டுங்க. இல்லேன்னா நான் சொன்னது சொன்னதுதான்.”

கடைசல்காரர் திரும்பி வந்தார். “முடிவாச் சொல்லுங்க. என் பட்டறைக்கு எது சரி? அந்தப் பெரிய பெட்ரோல் மெஷினா?”

ஜன்னலுக்குப் பின்னால் முதலாளியின் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது. ‘ஆமாங்க’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

“அது வேணாங்க. கூரைக்குள்ள வெச்சு ஓட்டினீங்கன்னா புகை ஆளைக் கொன்னுடும். உங்க வேலைக்கு அந்தச் சின்ன கரண்ட் மெஷினே போதும். செயினை மட்டும் அப்பப்போ தீட்டிக்குங்க.”

ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

கடைசல்காரர் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். “எனக்கு மெஷின் எதுவும் வேணாம்” என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தார்.

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். மாடியில் இருக்கும் மனைவியிடம் என்ன சொல்வது? அவள் அண்ணன் பக்கம் பேசுவாளா, புருஷன் பக்கம் பேசுவாளா? மானம் மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பின்னாலேயே ஓடி, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஓசியில அறுத்துக்கிட்டீங்க, போகட்டும். ஏதாவது ஒரு மெஷின் எடுத்துக்குங்க சார். கையெடுத்துக் கும்பிடுறேன். இல்லேன்னா நாளைக்கு எனக்கு வேலை இல்ல.”

கடைசல்காரரின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

“பட்டறையில மூணு மெஷின் சும்மா கெடக்கு தம்பி. பிடிக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் கடை கடையாத் தேடுறேன், வர்றீங்களா?”